சறுக்கும் வண்டிக்கு ஒரு பிடிமானம்

1

இந்தக் கதை என்னுடையதில்லை. காட்டூரில், தஞ்சாவூர் ரோட்டை ஒட்டிய ஒரு பட்டறையில் என் காரின் சைலன்சரைச் சரிபார்க்க விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தபோது கிடைத்தது. மூலையில் ஒரு கார் நின்றது. உள்ளே ஒன்றுமே இல்லை. பின்சீட்டைக் கழற்றியிருந்தார்கள், கூரைத்துணியை உரித்திருந்தார்கள். குறுக்கும் நெடுக்குமாக இரும்புக் குழாய்கள். யாருடையது என்று கேட்டேன்.

"ஓனரோட தங்கச்சி வண்டிங்க. இன்னும் ரோட்டுக்கு வரல," என்றார் அங்கே வேலைபார்க்கும் ரெங்கராஜ். "அதப் பத்தி அவர்கிட்ட மட்டும் கேட்டுடாதீங்க சார்."

கேட்காதே என்றால் எழுதுகிறவனுக்கு அது போதும். ஓனரிடம் கேட்கவில்லை. ரெங்கராஜுக்கு டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன். பிறகும் பலமுறை போனேன், காரில் கோளாறு இல்லாதபோதும். அவர் சொன்னது பாதி. மீதி என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்:

"புழுதி வானத்தை மறைத்தது. டயர்கள் அலறின. செந்தமிழனின் கண்களில் நெருப்பு

[அடித்துவிட்டேன். சினிமா போஸ்டர். அவன் கண்ணில் நெருப்பெல்லாம் கிடையாது. சோடாபுட்டிக் கண்ணாடி.]

இரண்டாவது தொடக்கம், சும்மா சொல்வது:

செந்தமிழன் பட்டறைக்காரன். வீடு ஸ்ரீரங்கம். அம்மா வேணி, தங்கை கனிஷ்கா. பின்சக்கரங்கள் தள்ளி ஓடும் ஒரு பழைய காரை வாங்கி, டிரிஃப்ட் வண்டியாக மாற்றியிருந்தான். (தெரியாதவர்களுக்கு: வளைவில் பின்சக்கரங்களை வேண்டுமென்றே பிடி இழக்கவைத்து, வண்டியைப் பக்கவாட்டில் சறுக்கவிட்டு, கவிழாமல் மீட்பதுதான் டிரிஃப்ட்.) வையம்பட்டிப் பக்கம் இன்னும் திறக்காத புறவழிச்சாலை ஒன்றில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டுவான். ஒரு ஞாயிறு, கனிஷ்கா பக்கத்து சீட்டில் இருந்தாள். வண்டி நினைத்ததைவிட அதிகமாகச் சறுக்கியது. இடப்பக்கக் கதவு ஒரு சிறுபாலத்தின் கைப்பிடிச் சுவரில் மோதி உள்ளே மடங்கியது. செந்தமிழனுக்கு உதட்டில் ஒரு கீறல். கனிஷ்காவுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

[இதை நீட்டிப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசலில் வேணி தரையில் உட்கார்ந்து, வந்தவர் போனவரிடமெல்லாம்... வேண்டாம். அவர் என்ன சொன்னார் என்பது பின்னால் தேவைப்படும்.]

3

வண்டி தார்ப்பாயின் கீழே கிடந்தது. "கொள்ளிடத்துல தள்ளிவிடுடா அத," என்றார் வேணி. செந்தமிழனும் பழைய இரும்புக்குப் போட ஆள் பார்த்துவிட்டான். அப்போது கனிஷ்கா செயற்கைக் காலோடு ஆட்டோவில் வந்து பட்டறையில் இறங்கினாள்.

"விக்காதண்ணே. சர்க்யூட் ரேஸ் வண்டியா மாத்திக் குடு. நான் ஓட்டணும்."

"பாப்பா, விளையாடாத."

"கண்ண மூடுனா அது இன்னும் பக்கவாட்டுலயே போகுதுண்ணே. அத நேரா போக வெக்கணும். நானே."

தன்னைத் தண்டிக்கத்தான் கேட்கிறாள் என்று செந்தமிழன் நினைத்தான். நானும் அப்படித்தான் எழுதினேன்: வஞ்சம் தீர்க்கும் தங்கை, கரையும் அண்ணன். மூன்று பக்கம் வந்தது. ரெங்கராஜிடம் படித்துக் காட்டினேன். "அந்தப் புள்ளைக்கு வண்டின்னா சின்னதுலேருந்தே உசிருங்க," என்றார். மூன்று பக்கமும் போயிற்று.

4

டிரிஃப்ட் வண்டியைச் சர்க்யூட் வண்டியாக்குவது, ஒரு பொய் சொல்லியை உண்மை பேசவைப்பது போல

[உவமை கெட்டது. விடுகிறேன்.]

சர்க்யூட் தடத்தில் வண்டி சறுக்காமல் ஓட வேண்டும்; சறுக்குவதற்காகச் செய்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திருப்ப வேண்டும். பின்சக்கரம் இரண்டும் ஒன்றாகச் சுற்றும்படி வெல்டிங் வைத்து இறுக்கியிருந்த டிஃபரன்ஷியலைக் கழற்றி வேறு மாட்டினான். முன்சக்கரங்கள் அளவுக்கு மீறித் திரும்பச் செய்திருந்த பாகங்களை எடுத்தான். சறுக்கலைத் தொடங்கிவைக்கும் அந்த நெட்டைக் கைப்பிரேக்கை அறுத்து எறிந்தான். கிளட்சை மிதிக்கக் கால் இல்லை. அதனால் பைக் லீவர் ஒன்றைக் கியர்க் கம்பியோடு பொருத்தி, விரலால் இழுக்கும்படி செய்தான். கனிஷ்கா உட்கார்ந்து இழுத்துப் பார்த்து, இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் கொஞ்சம் உள்ளே என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். அந்த வாரங்களில் இருவரும் சிரித்ததைப் பார்த்ததாக ரெங்கராஜ் சொன்னார்.

ரேஸ் வண்டியில் பக்கத்து சீட் கிடையாது. அதைக் கழற்றியபோது, சீட் நகரும் தண்டவாளத்தின் வளைவுக்குள் சிக்கி ஒரு செருப்பு இருந்தது. இடது கால் செருப்பு. செந்தமிழன் அதைச் சட்டைக்குள் மறைக்கப் பார்த்தான்.

"இத எதுக்கு ஒளிக்கிற? குப்பைல போடு," என்றாள் கனிஷ்கா.

(செருப்பை நான் கற்பனை செய்ததாக நினைப்பீர்கள். செருப்பு உண்மை. சிரித்தார்கள் என்பதைத்தான் என்னால் நம்ப முடியவில்லை.)

5

இந்த இடத்தில் செந்தமிழன் என் கையைவிட்டுப் போகிறான்.

வண்டி தயாரான பிறகு, யாரும் இல்லை என்று நினைத்து, ஆக்ஸிலேட்டர் மிதியின் அடியில் ஒரு நீளமான போல்ட்டைப் பொருத்தினான். மிதி பாதிக்கு மேல் இறங்காது. எவ்வளவு அழுத்தினாலும் வண்டி ஓரளவுக்கு மேல் போகாது. ரெங்கராஜ் பார்த்துவிட்டார். செந்தமிழன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனான்.

இது அன்பு என்று முதலில் எழுதினேன். பிறகு கோழைத்தனம் என்று. இப்போது இரண்டு வார்த்தையும் இல்லாமல் விட்டிருக்கிறேன்.

6

பயிற்சி, லைசென்ஸ், டாக்டர் சான்று எல்லாவற்றுக்கும் கனிஷ்காவே அலைந்தாள். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு ரேஸ் தடத்தில் ஒத்திகை நாள். வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்; ரெங்கராஜும் கூடப் போனார். வேணி வரவில்லை.

கனிஷ்கா வளைவுகளில் சுத்தமாகத் திரும்பினாள். வண்டி சறுக்கவேயில்லை. ஆனால் நேர்ச்சாலை வந்ததும் ஒவ்வொருவராக அவளைத் தாண்டிப் போனார்கள். சில சுற்றுகள் பார்த்துவிட்டு உள்ளே வந்து நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றினாள்.

"மிதிக்கு அடியில என்ன வெச்சிருக்க?"

"என்ன பாப்பா?"

"எனக்கு இருக்கறதே ஒரு காலு. அதுக்குத் தெரியாதா?"

செந்தமிழன் தரையைப் பார்த்தான். "பயமா இருந்துச்சு."

"அன்னைக்கு நான் 'போதும்ணே, நிறுத்து'ன்னேன். 'ஒரே ஒரு ரவுண்டு'ன்ன. இன்னைக்கு நான் போகணும்ங்கறேன், போல்ட்டு வெச்சு நிறுத்துற. ரெண்டு நாளும் என்னைக் கேக்கவே இல்லல்ல நீ?"

ரெங்கராஜுக்கு அப்போதுதான் தெரிந்தது. விபத்தன்று செந்தமிழன் எல்லாரிடமும் சொன்னது வேறு: பாப்பாதான் இன்னொரு ரவுண்டு கேட்டாள் என்று. ஆஸ்பத்திரி வாசலில் வேணி அழுது அரற்றியதும் அதைத்தான்: "இவளே கேட்டு வாங்கிக்கிட்டாளே." உள்ளே கட்டிலில் கனிஷ்காவுக்கு அது கேட்டது.

"ஏன் பாப்பா அம்மாகிட்ட சொல்லல?" என்றான் செந்தமிழன்.

"ஒரே நாள்ல ரெண்டு புள்ளையையும் அம்மா இழக்க வேணாம்னுதான்."

 பிறகு அவள் சொன்னாள்: "கழட்டு."

செந்தமிழன் மண்டியிட்டு, தலையை வண்டிக்குள் நுழைத்தான். ஸ்பானர் இரண்டு முறை நழுவியது. போல்ட்டை எடுத்து அவள் கையில் கொடுக்கப் போனான். அவள் வாங்கவில்லை. ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

7

முடிவுகள்.

அ) அவள் எல்லோரையும் முந்தினாள். [பொய். அன்று வெறும் ஒத்திகை. கோப்பையே கிடையாது.]

ஆ) தூரத்து வளைவில், டயர்களை அடுக்கிய சுவரில்... [முழுதாக எழுதினேன். நன்றாகவும் வந்தது. நன்றாக வந்ததே எனக்கு அருவருப்பாக இருந்தது. கிழித்துவிட்டேன்.]

இ) பத்திரமாகத் திரும்பிவந்தாள், அண்ணனிடம் மட்டும் அதன்பின் பேசவில்லை. [இதில்தான் அதிக நாள் தங்கினேன்.]

அவர்கள் நின்ற இடத்திலிருந்து தூரத்து வளைவு தெரியாது. சத்தம் மட்டும்தான். வண்டி நேர்ச்சாலையில் முதல்முறையாக முழுச் சத்தத்தோடு போய் மறைந்ததாகவும், செந்தமிழன் காதைப் பொத்திக்கொண்டதாகவும் ரெங்கராஜ் போனில் சொன்னார்.

"அப்புறம்?" என்றேன்.

"அத அந்தப் பொண்ணுகிட்டயே கேளுங்க சார். நம்பர் தரேன்."

கொடுத்தார். அவள் பேசுவாள் என்பதுவரை எனக்குத் தெரிந்துவிட்டது; எப்படி இருக்கிறாள் என்பது தெரியாது. நான் இன்னும் கூப்பிடவில்லை. வண்டி மறைந்த அந்த வளைவிலேயே கதையை உங்களிடம் விடுகிறேன், எப்படி வேண்டுமானாலும் முடித்துக்கொள்ளுங்கள். நான் கூப்பிட்டால், அண்ணனிடம் கேட்டதையேதான் அவள் என்னிடமும் முதலில் கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.