படித்துக் காட்டப்பட்டது

ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடித்தது. எழுந்தான். இரண்டு போன்களையும் சார்ஜரிலிருந்து எடுத்தான். ஒன்று அவனுடையது. மற்றது மனைவியுடையது. அவள் இறந்து பதினொரு மாதம் ஆகிறது. பள்ளிக்கூடத்துச் செய்திகள் இன்னும் அந்த எண்ணுக்குத்தான் வருகின்றன. ‘அன்புள்ள அம்மா, இன்று விளையாட்டு வகுப்பு, வெள்ளை ஷூ அணிவித்து அனுப்பவும்.’ ஷூவைத் துடைத்தான். பால் காய்ச்சினான். ரொட்டியை வாட்டினான், ஓரம் கருகியது, சுரண்டினான். சீருடைக்கு இஸ்திரி போட்டான். மகளை எழுப்பினான். ஏழு வயது. பல் தேய்க்க வைத்து, குளிக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தித் தலை வாரினான்.

“கோண வகிடு,” என்றாள் மகள்.

“கண்ணாடியே பார்க்கல, எப்படித் தெரியும்?”

“தினமும் கோணல்தானேப்பா.”

பிரித்து மறுபடி வாரினான். மறுபடியும் கோணல்தான். எட்டே காலுக்குப் பள்ளி வாசலில் விட்டான். ஒன்பதரைக்கு நீதிமன்றத்தில் தன் நாற்காலியில் உட்கார்ந்து நான்கு பென்சில்களைச் சீவினான்.

அவன் சுருக்கெழுத்தாளன். அங்கே யாரும் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஸ்டெனோ என்றால் அவன்தான். குழந்தைகளுக்கு எதிரான குற்றங்களை விசாரிக்கும் அந்த அறையில் அவனுக்கு ஆறு வருடம். சாட்சி வாய்க்கு வந்த பேச்சில் சொல்லும். நீதிபதி அதை எழுத்து நடைக்கு மாற்றி உரக்கச் சொல்வார். ஸ்டெனோ எடுக்க வேண்டியது அவர் சொல்வதை, சாட்சி சொல்வதை அல்ல. பிறகு தட்டச்சு செய்து, சாட்சிக்குப் படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும். ‘படித்துக் காட்டப்பட்டது, சரியென ஒப்புக்கொள்ளப்பட்டது’ என்ற வரிக்குக் கீழே தானும் கையெழுத்துப் போட வேண்டும். அழுகை, விக்கல், பேசாமல் கழிந்த ஐந்து நிமிடம் எதற்கும் தாளில் இடம் கிடையாது.

அன்று கீபோர்டு மாஸ்டர் வழக்கில் தீர்ப்பு. ஒரு அடுக்குமாடிக் கட்டடம். மூன்றாவது மாடியில் மாஸ்டர், இரண்டாவது மாடியில் அந்தப் பெண் குழந்தை. அம்மாவுக்குத் தையல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. மகள் வீட்டில் தனியாக இருக்க வேண்டாமே என்று ஆறு வயதில் கீபோர்டு வகுப்பில் சேர்த்துவிட்டாள். எட்டு வயதில் ஒருநாள் குழந்தை மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு மேலே போக மாட்டேன் என்றது. அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது.

இப்போது குழந்தைக்கு ஒன்பது. அம்மாவும் அவளும் கடைசி பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

நீதிபதி வாசித்தார். குற்றம் நிரூபணமாகிறது என்றதும் அம்மா மூச்சை விட்டாள். நீதிபதி நிறுத்தாமல் மேலே போனார்.

“எனினும், எத்தனை முறை என்று சாட்சியால் கூற இயலவில்லை. ஆகவே ஒரு நிகழ்வு மட்டுமே ஐயமற நிரூபணமாகிறது. மூன்று ஆண்டுகள் சிறை. காவலில் இருந்த காலம் கழித்துக்கொள்ளப்படும்.”

தீர்ப்பை நேற்று தட்டச்சு செய்தவனே ஸ்டெனோதான். அப்போது அந்த வரி விரலோடு போய்விட்டது. பதினொரு மாதமாக எல்லாமே அப்படித்தான், விரலோடு போய்விடும். இன்று காதில் விழுந்தபோது கையிலிருந்த பென்சிலைக் கீழே வைத்தான்.

மாஸ்டர் கையைக் கூப்பினான். “ரொம்ப நன்றிங்க ஐயா.” பிறகு சட்டைக் கை பட்டனைப் போட்டுக்கொண்டான், வேலை முடிந்து கிளம்புகிறவன் மாதிரி.

இடைவேளையில் அலுவலக அறையில் பேச்சு அதுதான். பெயர் கூப்பிடும் ஊழியருக்குப் பட்டப்பெயர் மைக்செட். ரகசியம் பேசினாலும் தெருமுனைக்குக் கேட்கும்.

“மூணு வருஷமாம்ல! போன மாசம் கீழ் கோர்ட்ல பைக் திருடினவனுக்கும் மூணு வருஷம்தான்யா. அந்தப் பைக்காவது திரும்பக் கிடைச்சுது.”

“மெதுவா பேசுய்யா,” என்றார் தலைமை எழுத்தர்.

“மெதுவாத்தான் சார் பேசறேன்.”

“சட்டம் என்ன பண்ணும்? தொடர்ந்து நடந்ததுன்னா குறைஞ்சது பத்து வருஷம். ஒரு தடவைன்னா மூணு. பேப்பர்ல என்ன இருக்கோ அதுக்குத்தான் தண்டனை.” எழுத்தர் ஸ்டெனோ பக்கம் திரும்பினார். “தம்பி, அந்தக் கேஸோட சுருக்கெழுத்து நோட்டைச் சாயந்தரத்துக்குள்ள கொடுத்துடு. தீர்ப்பு வந்தாச்சுல்ல, கிழிச்சுப் போடணும்.”

“சரிங்க சார்.”

தண்ணீர் பிடிக்க வெளியே வந்தான். நீளமான நடைக்கூடம். கம்பி போட்ட ஜன்னல்கள். நடு ஜன்னலடியில் அம்மா குழந்தையின் இரு தோளையும் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

“ஏன்டி வாயைத் திறக்கல? கேட்டாங்கல்ல? என்கிட்ட சொன்னதை அங்க சொல்றதுக்கு என்ன கேடு? ரெண்டு வருஷத்துல வந்துடுவான்டி. அதே படிக்கட்டுலதான்டி நீ ஏறி இறங்கணும்!”

விசாரணை நாளில் அவளை உள்ளே விடவில்லை. அவளும் ஒரு சாட்சி, அதனால் வெளியே இருக்க வேண்டும் என்று எதிர்த்தரப்பு வக்கீல் சொல்லிவிட்டார்.

“சொன்னேன்மா.”

“சொல்லலைன்னுதானே இப்ப படிச்சாங்க!”

“சொன்னேன். அந்த அங்கிளைக் கேளு. அவர் எழுதினாரு.”

குழந்தையின் விரல் ஸ்டெனோவை நோக்கி நீண்டது. அம்மா திரும்பினாள். அழுது அழுது மூக்கு சிவந்திருந்தது.

“சொன்னாளா சார்?”

பாட்டில் நிரம்பி வழிந்தது. குழாயை மூடினான்.

“எனக்கு ஞாபகம் இல்லம்மா. எத்தனையோ கேஸு.”

குழந்தை விரலை மடக்கிக்கொண்டாள். அழவில்லை. எதிர்பார்த்ததுதான் என்பது போல ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

அவன் பீரோ அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். நோட்டைத் தேடி எடுத்தான். அவன் கைக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. நீதிபதி வாய் திறக்கும்வரை சும்மா இருக்காது. காதில் விழுவதையெல்லாம் எடுத்துவிடும். பிறகு அதன்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டு, நீதிபதி சொன்னதைக் கீழே எழுதுவான். கோடு இழுத்தது தட்டச்சில் வராது.

அந்தப் பக்கம் கிடைத்தது. மனைவி போய்ப் பன்னிரண்டாம் நாள் எழுதியது. எழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை.

எல்லாம் நினைவுக்கு வந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் குனிந்து, சிரித்த முகமாகக் கேட்டார்: “எத்தனை தடவைன்னு கரெக்டா சொல்லு பாப்பா.” குழந்தை யோசித்தாள். பிறகு ஒரு வாக்கியம் சொன்னாள். “பாருங்க ஐயா, எண்ணிக்கை சொல்லத் தெரியல,” என்றார் வக்கீல். நீதிபதி கடிகாரத்தைப் பார்த்தார். மணி ஒன்றரை. கெட்ட மனிதர் அல்ல. காலையிலிருந்து ஏழு சாட்சி. ‘எத்தனை முறை என்று சாட்சியால் கூற இயலவில்லை’ என்று சொன்னார்.

அவன் அதைத் தட்டச்சு செய்து படித்துக் காட்டினான். வேகமாக, மூச்சு விடாமல். குழந்தை நடுவில் கேட்டாள்: “இயலவில்லைன்னா என்ன அங்கிள்?”

“ஒண்ணுமில்ல. இங்க கையெழுத்துப் போடு.”

பெரிய எழுத்தில், நாக்கைத் துருத்திக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். கீழே அவனும் போட்டான்.

கதவு தட்டப்பட்டது. தலைமை எழுத்தர்.

“நோட்டு கிடைச்சுதா?”

“கிடைச்சுது சார்.” நோட்டை நீட்டவில்லை. “இதுல அந்தப் பொண்ணு சொன்னது வேற மாதிரி இருக்கு.”

எழுத்தர் உள்ளே வந்து கதவை மறுபடி சாத்தினார். குரல் இறங்கியது.

“தம்பி, உன் நல்லதுக்குச் சொல்றேன். படிச்சுக் காட்டினேன்னு கையெழுத்துப் போட்டது யாரு? நீ. இப்ப தப்புன்னு சொன்னா, அது ஐயாவோட தப்பு ஆகாது, உன்னோட தப்பு. விசாரணை வைப்பாங்க. வேலை போனா குவார்ட்டர்ஸ் போகும். சின்னப் பொண்ணை வச்சுக்கிட்டு எங்க போவே? அந்தப் பக்கத்தைக் கிழி. நான் எதையும் பார்க்கல.”

அவர் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. சின்ன அறை, மூன்று பக்கமும் பீரோ, நான்காவது பக்கம் எழுத்தர். கிழித்தால் ஒரு நொடி வேலை. நாளைக் காலை ஐந்தே முக்காலுக்கு அலாரம் அடிக்கும், இரண்டு போன்களையும் எடுக்கலாம், தலை வாரலாம். அவன் மகளுக்கும் ஒருநாள் ஒன்பது வயது ஆகும். அவள் ஏதாவது சொல்வாள், யாராவது கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

“கொஞ்சம் வழி விடுங்க சார்.”

“முட்டாளாடா நீ?”

“ஆமா சார்.”

அரசு வக்கீல் அம்மாளின் அறை நடைக்கூடத்தின் கோடியில். குழந்தையும் அம்மாவும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள். வக்கீல் அம்மாள் அப்பீலுக்கு வழி இருக்கிறதா என்று வழக்குக் கட்டைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவன் நோட்டை மேஜைமேல் வைத்து, விஷயத்தைச் சொன்னான். நான்கு வாக்கியத்தில் முடிந்துவிட்டது. அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார்.

“எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பீங்களா? மேல் கோர்ட் தண்டனையைக் கூட்டலாம், கூட்டாமலும் போகலாம். ஆனா உங்களைச் சும்மா விட மாட்டாங்க. அது நிச்சயம்.”

“தெரியும் மேடம். கூட்டினா எவ்வளவு கிடைக்கும்?”

“பத்து.”

“பத்து போதுமா?”

அம்மாள் குழந்தையைப் பார்த்தார். “எது போதும், சொல்லுங்க? பத்து வருஷத்துல இவளுக்குப் பத்தொன்பது வயசு. தானா சம்பாதிச்சு, தானா வேற தெருவுல வீடு பார்த்துக்குவா. அதுவரைக்கும் அந்தப் படிக்கட்டுல அவன் இருக்க மாட்டான். இந்தச் சட்டத்தால வாங்க முடிஞ்சது அவ்வளவுதான். அதையும் நாம மூணாக்கிட்டோம்.”

குழந்தையின் அம்மா மகளின் தோளில், சற்றுமுன் உலுக்கிய இடத்தில், கையை வைத்துத் தடவிக்கொண்டிருந்தாள்.

அவன் ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினான். சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. அதனால் நேரம் பிடித்தது. கீழே ‘படித்துக் காட்டப்பட்டது’ என்று எழுதிவிட்டு, கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினான். நாற்காலியைக் குழந்தை பக்கம் இழுத்துப் போட்டான்.

“மெதுவா படிக்கிறேன். ஒரு வார்த்தை மாறியிருந்தாலும் சொல்லணும். புரியலைன்னாலும் சொல்லணும். சரியா பாப்பா?”

அவள் தலையாட்டவில்லை. அவன் வாயையே பார்த்தாள்.

முதல் நான்கு வரிகளில் அவனைப் பற்றி இருந்தது. அவன் பதவி, தேதி, அன்று அவன் செய்த தவறு. அதைப் படித்தான். அம்மாளின் மின்விசிறி தாளைப் படபடக்க வைத்தது. கையால் அழுத்திக்கொண்டான். எத்தனை தடவை என்று வக்கீல் கேட்டதைப் படித்தான். பிறகு, கோட்டுக்கு அடியிலிருந்து எடுத்த கடைசி வரியை, அவள் சொன்ன மாதிரியே படித்தான்:

“அப்ப எனக்கு நூறு வரைக்கும்தான் அங்கிள் எண்ணத் தெரியும். அதுக்கு மேல எண்ணத் தெரியாம விட்டுட்டேன்.”