எங்க தடத்தப் புடிச்சிட்டு வாங்க

பயம் சிலருக்கு நெஞ்சில் வரும், சிலருக்குக் காலில் வரும். தையல்காரிக்கு அது எப்போதும் அடிவயிற்றில்தான் வரும். அன்று சாயங்காலம், காய்ந்து கிடந்த பெரிய ஏரிக்கு நடுவே, ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தபோது வயிறு கலங்க ஆரம்பித்துவிட்டது. கண்ணுக்கெட்டிய தூரம் வரை மரமில்லை, மேடில்லை, ஒரு கம்பமில்லை. வெளேரென்ற தரையும் அதன்மேல் நாலா பக்கமும் போகிற பழைய வண்டித் தடங்களும்தான். எது எங்கே போகிறது என்று அந்தத் தடம் போட்டவர்களைத்தான் கேட்க வேண்டும்.

"ஏங்க, எனக்கு என்னமோ பயமா இருக்கு."

"உனக்கு லிஃப்ட்ல ஏறினாலே பயம்" என்றான் கணவன், ஸ்டியரிங்கில் தாளம் போட்டபடி. "மீட்டரப் பாரு. பன்னெண்டு வந்ததும் சொல்லு."

அவள் மீட்டரைப் பார்த்தாள்.

அந்த ஜீப் அவர்கள் கல்யாணத்துக்கும் முந்தியது. அதைப் பேணுவது அவள், அலங்கரிப்பது அவன். காலையில் கடைக்குக் கிளம்பும் முன் ஆயில் குச்சியை உருவித் துடைத்துப் பார்ப்பாள், ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றுவாள், பேட்டரி முனையில் பூத்த வெள்ளைப் பொடியைச் சுரண்டுவாள். அவனோ கூரைமேல் விளக்கு வைப்பான், முன்னால் கம்பி வைப்பான், ஆயில் மாற்றும் நாளை மட்டும் மறந்துவிடுவான். போன மாதம் கம்பெனி போட்ட அளவைவிடப் பெரிய டயர் நாலு வாங்கி மாட்டினான். ஜீப் ஒரு பிடி உயர்ந்து நின்றது. அவன் இரண்டு பிடி உயர்ந்து நடந்தான்.

அதைக் காட்ட நல்ல வாய்ப்பும் வந்தது. அவள் அக்காவின் வீட்டுக்காரருக்கு ஏரிக்கு அந்தப் பக்கம் உப்பு ஆலையில் வேலை கிடைத்திருந்தது. குடும்பமே வீடு மாறிப் போகிறது. சாலைப் பாலத்தைப் பழுது பார்க்க மூடிவிட்டதால் ஏரியைக் குறுக்கே கடப்பதுதான் வழி. ஆலையின் லாரி டிரைவர் வழி சொல்லியிருந்தார். கரையில் மீட்டரை ஜீரோ ஆக்கணும், பன்னிரண்டாவது கிலோமீட்டரில் இடது பக்கம் ஒடிக்கணும். முன்பு அங்கே ஒரு அடையாளக் கொடி இருந்தது, மழை கொண்டுபோய்விட்டது. ஒடிக்காமல் நேரே போனால் மேலே அப்பளமாகக் காய்ந்திருக்கும், கீழே ஆளை முழுங்குகிற சேறு.

அத்தானின் திறந்த சாமான் வேனில் மீட்டர் செத்துப் பல வருஷமாகிறது. அதனால் கணவன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னான்: "சகலை, நீங்க சாமானெல்லாம் கட்டிட்டு நிதானமா வாங்க. நாங்க முன்னாடி போறோம். எங்க தடத்தப் புடிச்சிட்டு வந்தாப் போதும்."

மீட்டர் இன்னும் பன்னிரண்டைத் தொடவில்லை. தரையின் நிறம் கொஞ்சம் மங்கியதுபோல் இருந்தது. டயரின் சத்தமும் மாறியது. இவ்வளவு நேரம் கடகடவென்று வந்தது இப்போது பொதபொதவென்று கேட்டது.

"சத்தம் வேற மாதிரி வருது."

"வெயில் தாழ்ந்தா அப்படித்தான்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னான். ஆனால் அவனுக்கும் உறுத்தியிருக்க வேண்டும், ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தான். எடுத்ததுதான் தாமதம், முன்பக்கம் தொபுக்கென்று இறங்கியது. நாலு சக்கரமும் இழுக்கும்படி கியரை மாற்றி உறுமவிட்டான். சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று, கறுப்புச் சேற்றைக் கூரை வரைக்கும் வாரியடித்தது. வண்டி இன்னும் இறங்கியது.

"போதும், நிறுத்துங்க. தோண்டிக்கிட்டே போகுது."

அவன் நிறுத்தினான். எஞ்சின் அடங்கியதும் அந்த இடத்தின் அமைதி அவளை என்னவோ செய்தது. தூரத்தில் ஒரு பறவைகூடக் கத்தவில்லை.

இருவரும் இறங்கினார்கள். காற்றைக் குறைத்தால் டயர் அகலமாகிப் பிடிப்பு கிடைக்கும் என்று அவன் முன்பக்கம் போனான். அவள் பின்சக்கரத்தருகே குந்தி, வால்வு மூடியைக் கழற்றி, ஆணியால் அழுத்தினாள். உஸ்ஸென்று காற்று போய்க்கொண்டிருந்தது. டயர் அவள் முகத்துக்கு நேரே நின்றது. மாதா மாதம் இப்படிக் குந்திக் காற்று பார்க்கிறவள் அவள். பழைய டயர் அவள் மோவாயோடு நின்றுவிடும்.

கடையிலிருந்து வீட்டுக்குப் பத்து கிலோமீட்டர். புது டயர் மாட்டியதிலிருந்து மீட்டர் ஒன்பதைத் தாண்டிக் கொஞ்சம்தான் காட்டியது. மீட்டருக்கு வயசாகிவிட்டது என்று விட்டுவிட்டாள். தையல்காரி விட்டிருக்கக் கூடாது. இஞ்ச் டேப் பழசாகி நீண்டுபோனால் நாற்பது இஞ்ச் இடுப்பும் முப்பத்தொன்பதாகத்தான் வரும். அப்படி ஒரு டேப்பால் எத்தனை ரவிக்கையைக் கெடுத்திருக்கிறாள்.

"ஏங்க, மீட்டர் சக்கரம் சுத்துறதத்தானே எண்ணுது?"

"ஆமா."

"சக்கரம் பெருசானா, ஒரு சுத்துக்கு அதிக தூரம் போகும்ல?"

 அவன் டயரை மேலிருந்து கீழ் வரை பார்த்தான். திரும்ப வேண்டிய இடம் அரைக் கிலோமீட்டருக்கு முன்னாலேயே போய்விட்டது.

பிறகுதான் இரண்டாவது நினைப்பு வந்தது. 

வந்த வழியைத் திரும்பிப் பார்த்தாள். புது டயரின் தடம், மெஷினில் அடித்த தையலாக, கோணல் மாணல் இல்லாமல் நேரே இவர்களிடம் வந்து சேர்ந்தது. அதைப் பிடித்துக்கொண்டுதான் அக்கா வருகிறாள். ஜீப்பில் இருந்தது இரண்டே பேர். வேனில் பீரோ, ஃபிரிட்ஜ், கட்டில், கிரைண்டர், எல்லாவற்றுக்கும் மேலே மடித்துப்போட்ட மெத்தையில் அக்காவின் இரண்டு பிள்ளைகள். வேன் ஒருபக்கமாகச் சாய்ந்தால் பீரோ யார்மேல் விழும் என்று யோசித்தாள். யோசித்திருக்க வேண்டாம்.

"போன்?"

"கரையிலயே சிக்னல் போச்சு."

அவள் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். அவனும் பின்னாலேயே வந்தான், ஆனால் பருத்த உடம்பு, நாலு எட்டுக்கு ஒருமுறை முழங்கால் வரை உள்ளே போனது. "நீ போ, எனக்காக நிக்காத" என்று கத்தினான். அவள் நிற்கவில்லை. தடத்தின்மேல் கால் வைத்தால் புதைந்தது, ஓரமாக வைத்தால் தாங்கியது. மூச்சு இரைத்தது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இன்னும் புழுதி தெரியவில்லையே, சாமான் கட்ட நேரமாகியிருக்கும், கயிறு அறுந்திருக்கும், சின்னவன் தண்ணி கேட்டிருப்பான் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டு ஓடினாள்.

புழுதி தெரிந்தது. அதற்கடியில் வேனும் தெரிந்தது, அவள் நினைத்ததைவிட மிகக் கிட்டத்தில்.

இரண்டு கையையும் தூக்கி, "நில்லுங்க, நில்லுங்க" என்று தொண்டை கிழியக் கத்தினாள். மெத்தைமேல் இருந்த பிள்ளைகள் சித்தியைப் பார்த்துச் சந்தோஷமாகக் கையாட்டினார்கள். அத்தானும் பார்த்துவிட்டார். வேன் வேகம் குறைந்தது.

குறைந்த அந்த நொடியில் வேனின் பின்சக்கரத்தடியில் தரை விரிசல் விடுவதைப் பார்த்தாள். கறுப்பாக ஈரம் பிதுங்கியது. ஜீப்பும் வேகம் குறைந்தபோதுதான் இறங்கியது. கடவுளே, நிறுத்தச் சொன்னது தானேதான்.

தூக்கிய கையைப் போட்டுவிட்டு, இடது பக்கமாக ஓடியபடி கையைப் பெரிய வட்டமாகச் சுழற்றினாள். "நிக்காதீங்க அத்தான், நிக்காம வளைங்க, வந்த பக்கமே போங்க." குரல் பாதி வந்தது, பாதி அழுகையானது. அத்தானுக்கு என்ன விளங்கியதோ தெரியாது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் முகம் குழம்பியது. வேன் ஊர்ந்தது. பின்பக்கம் ஒருமுறை கீழே அமுங்கி எழுந்தது. பீரோ கயிற்றை இழுத்துக்கொண்டு சாய, மேலே பெரியவள் வீறிட்டாள்.

எஞ்சின் உறுமியது. வேன் அவளைத் தாண்டி, ஆடி அசைந்து, அகலமாக வளைந்து, சேற்றை அவள் முகத்தில் அடித்துவிட்டு, வந்த பக்கமே போனது. அவள் பின்னாலேயே ஓடினாள். கடகடவென்று சத்தம் கேட்கும்வரை வேன் நிற்கவில்லை, அவளும் நிற்கவில்லை.

அக்கா இறங்கி வரும்போதே பிடித்துக்கொண்டாள். "என்னடி விளையாட்டு இது? நில்லுங்குற, போங்குற. புள்ளைங்க விழுந்திருந்தா?"

தையல்காரி வேன்மேல் கையை நீட்டிப் பிள்ளைகளின் காலைத் தொட்டாள். பெரியவளின் இரண்டு கால், சின்னவனின் இரண்டு கால். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அக்காவின் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. சின்னவனை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள், அவன் நெளிந்தும் விடவில்லை.

சேறும் வியர்வையுமாகக் கணவன் வந்து சேர்ந்தபோது அத்தான் வேனைச் சுற்றிவந்து சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவன் கொஞ்சம் தள்ளியே நின்றுகொண்டான்.

"தரை நிறம் மாறுறத நானும் பாத்தேன்" என்றார் அத்தான், யாரையும் குற்றம் சொல்லாத குரலில். "நிறுத்திப் பாக்கலாமான்னுகூட நெனச்சேன். ஆனா உங்க தடம் எங்கயும் தயங்கல, எங்கயும் நிக்கல. ஒரு கோணல்கூட இல்ல. இவ்வளவு நேரா போயிருக்காங்கன்னா தெரிஞ்சுதானே போயிருப்பாங்கன்னு வந்துட்டேன்."

தையல்காரி அந்தத் தடத்தைப் பார்த்தாள். பாதி வழியிலிருந்து அவள் வயிறு கலங்கிக்கொண்டேதான் இருந்தது. அது ஒரு இடத்தில்கூடத் தடத்தில் தெரியவில்லை.

"கட்டில இறக்குங்க அத்தான்" என்றாள். "வேற யாரும் புடிச்சிட்டு வராம, தடத்துக்குக் குறுக்க போட்டுட்டுப் போவோம்."