செவ்வாயில் யார் நெருப்பு வைத்தது?

என் கணவர் மதிவாணனுக்கு வானத்தைப் பற்றிய அக்கறை வந்ததே ரூபேந்திரனால்தான். ரூபேந்திரன் எங்கள் தாமான்காரர், அதாவது எங்கள் குடியிருப்பில் இருப்பவர், சிங்கப்பூருக்கு லாரி ஓட்டுகிறவர். எல்லைப் பாலத்து நெரிசலில் மாட்டிக்கொள்ளும்போதெல்லாம் தாமான் வாட்ஸ்அப் குழுவில் எதையாவது அனுப்புவார். அன்று அனுப்பியது செவ்வாய்க் கிரகத்தைப் பற்றி. அங்கேயும் பனி உருகுகிறதாம், அங்கேயும் சூடு ஏறுகிறதாம்.

"பாத்தியா வள்ளி, அங்க ஃபேக்டரி இருக்கா, காடி ஓடுதா? யாரு நெருப்பு வச்சா? எல்லாம் சூரியன் பண்ற வேலை லா. பூமி சூடாகறதுக்கு இந்த விஞ்ஞானிங்க சும்மா நம்ம மேல பழி போடறாங்க" என்றார் என் கணவர்.

பேச்சை விடுங்கள், அதைப் பேசிய இடம்தான் எனக்குப் பிடிக்கவில்லை. பெக்கான் நானாஸில் எங்கள் அன்னாசித் தோட்டத்தில், வெட்டிப்போட்ட பழைய செடிக் குவியலுக்கு முன்னால், கையில் லைட்டரோடு நின்றுகொண்டு சொன்னார்.

காய்ப்பு ஓய்ந்த செடிகளை வெட்டிப்போட்டு, அவை மக்கும்வரை பொறுத்திருந்து கன்று நட வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் கொளுத்திவிடுவார்கள். ஆனால் எங்கள் மண் சாதாரண மண் இல்லை. இலையும் வேரும் மக்கி ஆளுயரத்துக்குப் படிந்த கறுப்பு மண். மலாய்க்காரர்கள் காம்புட் என்பார்கள். ஈரமாக இருக்கும்வரை தங்கம், காய்ந்துவிட்டால் மண்ணே விறகு. அந்த மாதம் மழையே இல்லை. அவர் நிலத்துக்கும் என் நிலத்துக்கும் நடுவே போகும் வாய்க்காலில் தவளை குளிக்கக்கூடத் தண்ணீர் இல்லை.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் என் நிலம். சின்னத் துண்டுதான். பத்து பாகாட் நகரத்துத் தையல் ஆலையில் வேலை பார்த்து, வாரம் முழுக்க விடுதியில் கிடந்து, ஞாயிறு மட்டும் வீட்டுக்கு வந்து போன வாழ்க்கை அலுத்துப்போய், வேலையை விட்டுவிட்டு நானே நட்ட கன்றுகள். முதல் காய்ப்பு நன்றாக வந்தால் திரும்ப ஆலைக்குப் போக வேண்டியதில்லை என்று இருவரும் பேசி வைத்திருந்தோம். காய்கள் நன்றாகப் பருத்து, நிறம் மாறுவதற்குத்தான் காத்திருந்தன.

"நானும்தான் படிச்சேன். செவ்வாயில புழுதிக் காத்து அடிச்சுத் தரையோட நிறமே மாறுதாம். அதனால சூடு ஏறுது, இறங்குது. சூரியன்தான் காரணம்னா எல்லாக் கிரகமும் சேர்ந்து சூடாகணும்ல? நெப்டியூன்ல மேல்காத்து குளிர்ந்து போயிருக்காம். சூரியனையும் விண்வெளியிலேர்ந்து நாப்பது வருசத்துக்கு மேல அளந்துகிட்டு இருக்காங்க. அதோட சூடு ஏறவே இல்லையாம்" என்றேன்.

"நீ என்ன நாசாலயா வேலை செய்ற?"

"பக்கத்து வீட்டுக்காரருக்குக் காய்ச்சல்னா, நம்ம வீட்டுக் காய்ச்சலும் அதே காய்ச்சல்னு டாக்டர் மருந்து குடுப்பாரா? மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதீங்க. மண்ணு காஞ்சு கிடக்கு, வேணாங்க."

"சின்னச் சின்னக் குவியல்தான் லா. தண்ணி பக்கத்துலயே வச்சிருக்கேன்" என்று கொளுத்திவிட்டார்.

உள்ளதைச் சொல்ல வேண்டும், கவனமாகத்தான் செய்தார். ஒவ்வொரு குவியலாக எரித்தார், தண்ணீர் ஊற்றினார், சாம்பலைக் கையால் தொட்டுப் பார்த்தார். அன்று முழுவதும் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

சில நாள் கழித்து என் நிலத்தின் ஓரத்தில் செடிகள் சாயத் தொடங்கின. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், சும்மா கையோடு வந்துவிட்டது. வேர் இருக்க வேண்டிய இடத்தில் கரி. அடிப்பிடித்த சோற்று வாசனை வந்தது.

அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து மண்ணைத் தொட்டார்.

"வெயில் குடிச்ச மண்ணு, சுடத்தான் செய்யும். இந்த வருசம் சூரியன் அப்படி."

கையிலிருந்த செடியை அவர் தலையிலேயே போடலாமா என்று வந்தது. அடக்கிக்கொண்டேன்.

"சரி, உக்காருங்க. சூரியன் போகட்டும்."

வரப்பில் உட்கார்ந்தோம். பிளாஸ்க்கில் இருந்த கோப்பியை ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிக்கொண்டோம். வெயில் மெதுவாகச் செம்பனைத் தோப்புக்குப் பின்னால் இறங்கியது. காற்று குளிர்ந்தது. உட்கார்ந்திருந்த வரப்பும் குளிர்ந்துவிட்டது.

"இப்ப தொட்டுப் பாருங்க" என்றேன்.

செடி பிடுங்கிய இடத்தில் உள்ளங்கையை வைத்தவர் வெடுக்கென்று எடுத்தார். மறுபடி வைத்தார். பிறகு விரலால் மண்ணைக் கொஞ்சம் கிளறினார். அந்த இடத்திலிருந்து மெல்லிய புகை எழுந்து வந்தது.

"அலமாக், போச்சு" என்றார், தனக்கு மட்டும் கேட்கிற குரலில். குவியலை அணைத்தவர் மண்ணை அணைக்கவில்லை. காய்ந்த வாய்க்காலுக்கு அடியில் புகுந்து, யார் கண்ணிலும் படாமல் என் பக்கம் வந்திருந்தது நெருப்பு.

பிறகு நடந்ததெல்லாம் கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். பம்பு இரவல் வாங்கி, பெரிய வாய்க்காலிலிருந்து தண்ணீர் இழுத்து, குழி வெட்டி, நாள்கணக்கில் ஊறவிட்டோம். ஒரு வழியாக அணைந்தது. கொளுத்திய அவருடைய நிலம் கன்று நடத் தயாராக, சுத்தமாகக் கிடந்தது. என் பக்கத்தில் மிஞ்சியது ஒரு மூலை. வேர் வெந்து சாய்ந்த காய்களை அள்ளும்போது வாய்விட்டு அழுதேன். அவர் பக்கத்தில் வரத் துணியவில்லை.

ஆலையில் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். திங்கட்கிழமை காலையில் பொந்தியான் பேருந்து நிலையம் வரை மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து விட்டார். பையை இறக்கி வைத்துவிட்டு, "இனிமே மக்கற வரைக்கும் காத்திருக்கேன் வள்ளி" என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறினேன்.

பேருந்து கிளம்பிய பிறகு போனை எடுத்தேன். தாமான் குழுவில் ரூபேந்திரன் மறுபடியும் அனுப்பியிருந்தார். இந்தத் தடவை வியாழன் சூடாகிறதாம். கீழே வழக்கம்போல நாலைந்து கட்டைவிரல்கள். அவற்றுக்கும் கீழே, கட்டைவிரலைத் தவிர வேறெதுவும் போட்டறியாத என் கணவர் எழுதியிருந்தார்:

"மச்சான், அங்க யாரு வச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. எம் பொண்டாட்டி தோட்டத்துல நெருப்பு வச்சது நான்தான்."