கை அடங்கிய பிள்ளை

பொன்னேரிக்குப் போகும் பேருந்தில் இடம் இருந்தும் வினோதினி உட்காரவில்லை. மகள் வெண்ணிலாவை ஜன்னலோரம் உட்கார வைத்து, கட்டுப் போட்டிருந்த அவள் காலைத் தன் தோள்பையின் மேல் தூக்கி வைத்துவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தாள். உட்கார்ந்தால் கோபம் ஆறிவிடும் என்று பயம். ஆறிய கோபத்தோடு போய் அந்தப் பயிற்சி மையத்தின் வாசலில் நின்றால், வழக்கம்போல ‘சரிங்க மேடம், சரிங்க மேடம்’ என்று தலையாட்டிவிட்டுத் திரும்பிவிடுவோம் என்று அவளுக்குத் தன்னைப் பற்றி நன்றாகவே தெரியும்.

வெண்ணிலாவுக்கு ஒன்பது வயது. பேச்சு வரவில்லை. இரண்டு கைகளையும் மடியில் வைத்து, விரல்களைக் கோத்து, அசையாமல் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்த அம்மாள் அதைப் பார்த்துவிட்டு, “பொண்ணு எவ்ளோ அடக்கமா குந்திக்கினு வருது பாரு. என் பேரனும் இருக்கானே,” என்றார்.

“அடக்கம் இல்லமா. அடக்கி வச்சிருக்காங்க,” என்றாள் வினோதினி. சொன்ன வேகத்தில் அந்த அம்மாள் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

பழவேற்காட்டு ஏரியில் வினோதினியின் சனங்கள் செய்யும் வேலைக்கு வலையும் இல்லை, படகும் இல்லை. முழங்கால் தண்ணீரில் தவழ்ந்துகொண்டே போய், சேற்றை இரு கைகளாலும் துழாவி, விரலில் தட்டுப்படும் இறாலைப் பிடித்துப் பறியில் போட வேண்டும். பறி என்பது பனையோலையில் முடைந்த கூடை. அதன் கயிறு பல்லில் இருக்கும். கை இரண்டும் சேற்றில், வாய் கயிற்றில் என்றால் எதைக்கொண்டு பேசுவது? தண்ணீரைத் தட்டித்தான். ஒரு தட்டு தட்டினால் ‘இங்கே இருக்கிறேன்’. இரட்டைத் தட்டு என்றால் ‘எங்கே இருக்கிறாய்?’. படபடவென்று விடாமல் தட்டினால் முள் குத்திவிட்டது, கால் மாட்டிக்கொண்டது, ஓடி வா என்று அர்த்தம். இதை ஒரு பேச்சு என்று அங்கே யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. தும்மல், இருமல் போல அதுவும் ஒன்று, அவ்வளவுதான்.

வெண்ணிலா கைக்குழந்தையாக இருந்தபோது கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். கொஞ்சினால் சிரிக்க மாட்டாள். வீட்டில் விட்டுவர ஆள் இல்லாமல் கரையோரத் தண்ணீரில் உட்கார வைத்துவிட்டு வினோதினி வேலை பார்த்த ஒரு நாளில், தூரத்திலிருந்து சும்மா ஒரு நப்பாசையில் இரட்டைத் தட்டு தட்டினாள். பிள்ளை குனிந்து தண்ணீரைப் பார்த்தது. பிறகு கையை ஓங்கி ஒரே ஒரு தட்டு தட்டியது.

வினோதினி வாயைப் பிளந்துவிட்டாள். பல்லில் இருந்த பறி நழுவி, காலையிலிருந்து பிடித்த இறால் அத்தனையும் தண்ணீரோடு போயிற்று. “லூசா நீ?” என்று திட்டிக்கொண்டே வந்த நாத்தனார் கோமளா, விஷயம் தெரிந்ததும் தன் பறியில் இருந்ததில் பாதியை அள்ளிப் போட்டாள். அதன் பிறகு வீட்டிலும் அதே தட்டுதான். பசித்தால் சோற்றுத் தட்டைத் தட்டுவாள். வலித்தால் சுவரைப் படபடவென்று தட்டுவாள். அழுகை அவளுக்கு எப்போதும் வந்ததில்லை.

சென்னை ஆஸ்பத்திரியில்தான் அதற்கு ஆட்டிசம் என்று பெயர் சொன்னார்கள். ஊசி மாத்திரையில் தீருகிற நோய் இல்லை, பயிற்சிதான் வழி என்றார் டாக்டர். “வேணும்கறத எப்படியாவது சொல்லத் தெரியணும். வாயால சொல்லணும்னு கட்டாயம் இல்ல,” என்றும் சொன்னார். வெளியே வரிசை நீண்டு கிடந்தது. அதற்கு மேல் அவரும் சொல்லவில்லை, இவளும் கேட்கவில்லை. பொன்னேரியில் ஒரு டிரஸ்ட் நடத்தும் மையத்துக்குப் போகச் சொன்னார்கள். அங்கே காசு வாங்குவதில்லை. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களா? வினோதினியும் பார்க்கவில்லை.

மையத்தில் கிறிஸ்டினா என்ற இளம்பெண் வெண்ணிலாவுக்குப் பயிற்சி கொடுத்தாள். நல்ல பெண்தான், அதில் குறை சொல்ல முடியாது. பிள்ளைகள் தன் மேல் எச்சில் வடித்தாலும் முகம் சுளிக்காமல் துடைப்பாள். ஆனால் அவள் எடுத்த முதல் பாடமே ‘கை அடக்கம்’. பிள்ளை மேஜையைத் தட்டினால் உடனே இரண்டு கைகளையும் பிடித்து மடியில் அழுத்த வேண்டும். திமிறினாலும் விடக்கூடாது. அசைவு நின்றதும் கையை விட்டு, டப்பாவைத் திறந்து ஒரு சிப்ஸை வாயில் வைக்க வேண்டும். வீட்டிலும் இதையே செய்தால்தான் பலன் கிடைக்கும் என்றாள்.

வினோதினி செய்தாள். மற்றவர்கள் விட்டாலும் அவள் விடவில்லை. பிள்ளை கத்தியது. தன் மணிக்கட்டைத் தானே கடித்துக்கொண்டது. “ஆரம்பத்துல அதிகமாகும், அப்புறம் கொறையும்,” என்றார்கள். சொன்ன மாதிரியே குறைந்தது, பிறகு நின்றே போனது. மையத்துச் சுவரில் வெண்ணிலா பெயருக்குப் பக்கத்தில் தங்க நிறத்தில் நட்சத்திரம் ஒட்டிக் கை தட்டினார்கள். காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் கான்ட்ராக்ட் வேலை செய்யும் வினோதினியின் புருஷன் ரஞ்சித்குமார் அன்று ஸ்வீட் வாங்கி வந்தான். வினோதினியும் சந்தோஷத்தில் அழுதாள். அந்த அழுகையை இப்போது நினைத்தால் அவளுக்குத் தன் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

போன வாரம் பிள்ளையைக் கரையோரத் தண்ணீரில் உட்கார வைத்துவிட்டு வேலை பார்த்தார்கள். நீரேற்றம் தொடங்கியதும் திரும்பினார்கள். வெண்ணிலா வைத்த இடத்தில் வைத்தபடி, கைகளை மடியில் கோத்து உட்கார்ந்திருந்தாள். “பாரு, சாமி செல மாதிரி,” என்று கோமளா சிரித்தாள். கிட்டே போனதும்தான் கீழுதடு கிழிந்து ரத்தம் காய்ந்திருந்தது தெரிந்தது. தண்ணீரிலிருந்து தூக்கினால் வலது பாதம் புஸ்ஸென்று வீங்கிக் கறுத்திருந்தது. கெளுத்தி மீனின் முள். வளர்ந்த ஆம்பிளையே ஊரைக் கூட்டி ஓலமிடும் வலி அது. குத்தி எவ்வளவு நேரம் ஆயிற்றோ தெரியாது.

“ஏன்டி தட்டல?” என்று கோமளா பிள்ளையைப் பிடித்து உலுக்கினாள். “தட்டி இருந்தா வந்திருப்போமே! ஏன்டி தட்டல?”

வினோதினிக்கு ஏன் என்று தெரியும். உதடு கிழிகிற வரை கடித்துக்கொண்டு பிள்ளை கையை அடக்கி வைத்திருந்தது. சொல்லிக்கொடுத்ததைச் சரியாகச் செய்திருந்தது.

பழவேற்காட்டு ஆஸ்பத்திரியில் முள்ளை எடுத்து ஊசி போட்டார்கள். “படிச்சவங்க, எதுனா காரணமாத்தான் சொல்லியிருப்பாங்க. போய் சண்ட இன்னாத்துக்கு? ஓசில பாக்கறாங்க,” என்றான் ரஞ்சித்குமார். வீக்கம் வடியட்டும் என்று மட்டும் காத்திருந்தாள் வினோதினி.

மையத்தின் கூடத்தில் பிள்ளைகளோடு நாலைந்து தாய்மார்கள் காத்திருந்தார்கள். கட்டைப் பார்த்ததும் கிறிஸ்டினா எழுந்து ஓடி வந்தாள்.

“அச்சோ, கால்ல என்னாச்சு வெண்ணிலா அம்மா?”

“முள்ளு குத்திச்சு. குத்துனத சொல்லாம குந்தியிருந்தா. நீங்கதான் வாயக் கட்டிட்டீங்களே.”

“நானா? அவளுக்குப் பேச்சே இல்லையே.”

“இருந்துச்சு!” கூடம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “தட்டிதான் பேசுவா. பசிச்சா தட்டுவா, வலிச்சா தட்டுவா. எங்கூட அவ பேசுனதே அந்தக் கையாலதான். அத மடியில வச்சு அமுக்கி, சிப்ஸப் போட்டு நிறுத்திட்டு, செவுத்துல ஸ்டார் ஒட்டிட்டீங்க.”

கிறிஸ்டினாவின் முகம் வெளுத்தது. பிறகு அவளுக்கும் கோபம் வந்தது.

“நான் கேட்டேன். மொத நாளே கேட்டேன், எதுக்காகத் தட்டுறான்னு. அப்புறமும் எத்தனை தடவை கேட்டேன்? ‘சும்மா தட்டுவா மேடம், கெட்ட பழக்கம்’னு சொன்னது யாரு?”

கோபத்துக்கு ஒரு வசதி உண்டு. தனக்கு வேண்டாததை அது பார்க்காது. இந்த ஒரு வாரமாக வினோதினி பார்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தது இதைத்தான். கிறிஸ்டினா கேட்டது உண்மை, தான் அப்படிச் சொன்னதும் உண்மை. தட்டுவதன் அர்த்தத்தைச் சொன்னால் பறியைச் சொல்ல வேண்டும். பறியைச் சொன்னால் சேற்றில் தவழ்வதைச் சொல்ல வேண்டும். சேற்று வாடைக்குப் பேருந்தில் மூக்கைப் பொத்தியவர்களை அவள் பார்த்திருக்கிறாள். அதனால்தான் இந்த மையத்துக்கு வரும்போதெல்லாம் நகக்கண்ணைத் தேய்த்துக் கழுவி, பவுடர் போட்டு, ‘வூட்டுக்காரர் போர்ட்ல வேல, நான் வூட்லதான் இருக்கேன்’ என்று சொல்லி வைத்திருந்தாள்.

“கேட்டீங்க. பொய்தான் சொன்னேன்,” என்றாள். குரல் இறங்கியது. இறங்கிய குரல் அங்கேயே நிற்கவில்லை. “சரி, சும்மாதான் தட்டுறான்னே வச்சிக்கோ. சும்மா தட்டுனா இன்னா? உன் மேஜ ஒடஞ்சிபோச்சா? யாருக்கு நோவுச்சு? இன்னாத்துக்கு ஒரு புள்ளையோட கையப் புடிச்சி அமுக்குன?”

கிறிஸ்டினா ஏதோ சொல்ல வந்தாள். “ஸ்கூல்ல சேக்கறப்போ... வெளிய போறப்போ, பாக்கறவங்க...”

“பாக்கறவங்க!” என்றாள் வினோதினி. அந்தச் சொல் அவள் மேலேயே வந்து விழுந்தது. பார்க்கிறவர்களுக்காகத்தானே அவளும் பொய் சொன்னாள்? இவர்கள் இரண்டு பேருமாகச் சேர்ந்து, பார்க்கிறவர்களுக்காக ஒரு பிள்ளையின் வாயை அடைத்திருக்கிறார்கள்.

காத்திருந்த தாய்மார்கள் பக்கம் திரும்பினாள் வினோதினி. “நான் ஏரியில கையால எறா புடிக்கிறவ. பறிய பல்லுல கடிச்சிக்கினு சேத்துல தவழுவேன். அங்க வாய் தொறக்க முடியாது, தண்ணியத் தட்டித்தான் பேசுவோம். என் பொண்ணு அதக் கத்துக்கினா. வேற யாரும் கத்துக்குடுக்கல, அவளா கத்துக்கினா.”

யாரும் மூக்கைப் பொத்தவில்லை. ஒரு தாய் மட்டும் மடியில் இருந்த தன் மகனின் கையைப் பிடித்திருந்த பிடியை மெல்லத் தளர்த்தினாள்.

“இப்ப என்ன செய்யலாம், சொல்லுங்க. நான் செய்றேன்,” என்றாள் கிறிஸ்டினா. அவள் கண் கலங்கியிருந்தது.

“கட்டுனது நாம ரெண்டு பேரு. அவுக்கறதும் நாமதான். உள்ள வா.”

பயிற்சி அறையின் குட்டி மேஜைக்கு எதிரில் வெண்ணிலா வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்து கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். வினோதினி தரையில் மண்டியிட்டாள். பறிக்கு எங்கே போவது? தோள்பையின் வாரை எடுத்துப் பல்லில் கடித்தாள். பை கழுத்துக்குக் கீழே தொங்கியது.

வெண்ணிலாவின் பார்வை நகர்ந்தது. வாரைப் பார்த்தாள். மூடிய வாயைப் பார்த்தாள்.

வினோதினி மேஜையை இரட்டைத் தட்டு தட்டினாள். எங்கே இருக்கிறாய்?

கோத்திருந்த விரல்கள் பிரிந்தன. ஒரு கை மேலே வந்தது. மேஜைக்கு மேலே அப்படியே நின்றது.  தட்டுடி. ஒரே ஒரு தட்டு.

கை இறங்கியது, ஆனால் மேஜையில் இறங்கவில்லை. அது தாயின் மணிக்கட்டைப் பிடித்தது. மற்றக் கையும் வந்து மற்ற மணிக்கட்டைப் பிடித்தது. வெண்ணிலா எழுந்து நொண்டிக்கொண்டே மேஜையைச் சுற்றி வந்து, தாயின் இரண்டு கைகளையும் அவள் மடியில் சேர்த்து வைத்து, தன் பாரத்தை எல்லாம் போட்டு அழுத்தினாள். கோபம் இல்லை, அவசரம் இல்லை. அசைவு நிற்கிற வரை பொறுமையாக அழுத்தினாள். வினோதினியின் கை தானாகவே மரத்து அடங்கிப் போயிற்று.

பிறகு பிள்ளை கையை விட்டது. மேஜையிலிருந்த டப்பாவைத் திறந்து ஒரு சிப்ஸை எடுத்துத் தாயின் வாயருகே கொண்டுபோய் நீட்டியது. சிப்ஸ் வாரில் இடித்து உடைந்து, துணுக்குகள் மோவாயில் ஒட்டின.

“ஐயோ, கர்த்தரே,” என்றாள் கிறிஸ்டினா. முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

வினோதினி அழுதாள். கண்ணீர் வாரில் இறங்கி உப்புக் கரித்தது. ஆனால் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் அந்தச் சிப்ஸ் உள்ளே போகும். கை அடங்கியதற்கான கூலியை அவளும் வாங்கித் தின்றதாகும்.

மடியிலிருந்த கைகளை உருவினாள். மறுபடி தட்டினாள். பிள்ளை மறுபடி வந்து பிடித்தது. அவள் மறுபடி உருவினாள், மறுபடி தட்டினாள். உள்ளங்கை சிவந்து காந்தியது. பல்லில் வாரை இறுக்கிக்கொண்டு இன்னும் ஓங்கித் தட்டினாள்.