ஷாஃப்ட் யார் பங்கு

பாகம் பிரித்தபோது கம்ப்யூட்டர் சின்னவருக்குப் போனது. நான் பெரியவருக்குப் போனேன். அப்படித்தான் சொன்னார்கள். இந்த லேத் உங்களுக்கு, அந்த டிரில்லிங் மெஷின் எங்களுக்கு என்ற பேச்சின் நடுவில், "டிசைன் புள்ளை அண்ணனுக்கே இருக்கட்டும்" என்று ஒரு குரல் என் காதில் விழுந்தது. எனக்கு வந்த கோபத்தில் கையிலிருந்த மௌஸ் உடையாமல் தப்பியதே பெரிய விஷயம்.

கணபதி என்ற ஊரில் இருந்த அந்த பம்ப் கம்பெனியில் கம்ப்யூட்டரில் வரையத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் சின்ன முதலாளி சென்னகேசவன். பெங்களூரு போய்ப் பயிற்சி எடுத்து வந்து, தொண்ணூற்றேழில் எங்கள் மோனோபிளாக் பம்ப் முழுவதையும் வரைந்தவர் அவர்தான். இன்னொருவர் நான், அன்புச்செல்வி. அடுத்த வருஷம் சேர்ந்தேன். பெரிய முதலாளி சுந்தரராஜுலுவுக்குக் கம்ப்யூட்டர் என்பது தூசு படாமல் துணி போட்டு மூடி வைக்க வேண்டிய சாமான்.

அண்ணன் தம்பி பேச்சு நின்று மாதங்களாகிவிட்டன. பம்ப் பகுதி அண்ணனுக்கு, மோட்டார் பகுதி தம்பிக்கு என்று முடிவானது. மோட்டாரும் பம்பும் ஷாஃப்ட் என்கிற ஒரே சுழல்தண்டில் சேர்ந்திருப்பதுதான் மோனோபிளாக். தம்பி செய்யும் மோட்டாரை அண்ணன் வாங்கிப் பொருத்தி விற்பதாக ஏற்பாடு. முகம் பார்க்காமலே வியாபாரம் செய்ய எங்கள் ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும்.

கம்ப்யூட்டரில் இருக்கும் பம்பையும் அதே மாதிரி இரண்டாகப் பிரித்துக் கொடுக்கச் சொன்னார்கள். மோட்டார் ஃபைல்களை வேறு இடத்துக்கு மாற்றிவிட்டு பம்பை மட்டும் திறந்தேன். திரை முழுக்கச் சிவப்பு. இந்தத் துளைக்கு ஆதாரம் காணவில்லை, அந்த முகம் காணவில்லை என்று வரிசையாகப் புலம்பியது. ஃபைல்களைத் திரும்ப வைத்தால் அடங்கிவிட்டது. சரி, நோய் எங்கே என்று பார்க்கலாமென்று ஷாஃப்ட் விட்டத்தைக் கொஞ்சம் கூட்டி, புது அளவில் எல்லாவற்றையும் திரும்ப வரையச் சொல்லும் ரீபில்ட் கொடுத்தேன். பம்ப் பெரிதானது. வேறு எதையும் தொடாமல் மறுபடி ரீபில்ட் கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் பெரிதானது. அழுத்திக்கொண்டே இருந்தால் கணபதியில் வைக்க இடம் பத்தாது போலிருந்தது.

ஒவ்வொரு பார்ட்டும் யாரைப் பார்த்து அளவு எடுக்கிறது என்று தேடிக்கொண்டே போனேன். பம்பின் வெளிக்கூடான கேசிங் தன் வாய் அளவை, பம்பையும் மோட்டாரையும் இணைக்க நடுவிலிருக்கும் பிராக்கெட்டிடம் கேட்டது. பிராக்கெட் மோட்டார் பாடியிடம் கேட்டது. மோட்டார் பாடி போய்க் கேசிங்கிடமே கேட்டது. கேட்ட ஒவ்வொன்றும், பொருந்தி உட்கார வேண்டுமே என்று துளி இடைவெளி கூட்டிக்கொண்டது. ஒரு சுற்று வரும்போதெல்லாம் பம்ப் வீங்கியது. கம்ப்யூட்டர் எச்சரிக்கை காட்டத்தான் செய்திருக்கும். சின்னவர் சரி என்று அழுத்தி அனுப்பியிருப்பார்.

இப்படி வரைய எந்த வகுப்பிலும் சொல்லித் தர மாட்டார்கள். இது எங்கள் அசெம்பிளி ஷெட் பழக்கம். அங்கே பிராக்கெட்டை மோட்டார் மேல் வைத்து, அதன் துளை வழியாகவே மோட்டாரையும் துளைத்து, இரண்டிலும் ஒரே நம்பரைக் குத்திவிடுவார்கள். ஜோடி மாறாதவரை வம்பில்லை. சென்னகேசவன் அதையே கம்ப்யூட்டரிலும் செய்திருந்தார். போய்ச் சொன்னேன்.

"அப்பிடித்தான அம்மணி பொருத்தறோம்? அது பக்கத்துல இது உக்காரோணும்."

"உக்காரட்டுங்க சார். ஆனா யாராவது ஒருத்தரு மொதல்ல உக்காரோணுமில்லீங்களா?"

அவருக்கு உடனே புரிந்தது. "அப்ப மோட்டார் மொதல்ல. பம்பு அதப் பாத்து வரட்டும்."

இது பெரியவர் காதுக்கு எட்டியது. "அதெப்படி? மூத்தவன் நானு. பம்பு சொல்றதத்தான் மோட்டார் கேக்கோணும்."

முதலில் இருப்பவர் நாளைக்கு அளவை மாற்றினால் மற்றவர் பின்னாலேயே ஓடி மாற்ற வேண்டும். இருவருக்கும் அது தெரியும். ஆளுக்கொரு முயல் பிடித்துக்கொண்டு, அதற்கு மூன்றே கால் என்று நின்றார்கள்.

அன்று மத்தியானம் புதிதாக ஒரு பார்ட் வரைந்தேன். அதில் இரும்பே இல்லை. ஷாஃப்ட்டின் நடுக்கோடு, அதன் விட்டம், பம்பும் மோட்டாரும் சேரும் இடத்தில் ஒரு வட்டம், போல்ட்டுக்கான புள்ளிகள், அவ்வளவுதான். இனி எந்தப் பார்ட்டும் பக்கத்துப் பார்ட்டைப் பார்க்காது. எல்லாம் இதைத்தான் பார்க்கும். பழைய தொடர்புகளை ஒவ்வொன்றாக அறுத்து இதில் கட்டினேன். ரீபில்ட் கொடுத்தேன். மறுபடி கொடுத்தேன். கல் மாதிரி நின்றது. மோட்டாரை எடுத்துவிட்டு பம்பைத் திறந்தேன். ஒரு பொட்டுச் சிவப்பு இல்லை. யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும் போல அத்தனை சந்தோஷமாக இருந்தது.

இரண்டு பேரையும் ஒரே அறைக்கு வரவழைத்துக் காட்டினேன். அண்ணன் திரையைப் பார்த்தார். தம்பி ஜன்னலைப் பார்த்தார்.

"செரி, இந்தப் பார்ட்டு யாரு பங்கு?" என்றார் பெரியவர்.

"ஆளுக்கொரு காப்பி போட்டுக் குடுத்துரு" என்றார் சின்னவர்.

"ஆளுக்கொண்ணு இருந்தா ஆளுக்கொரு அளவாயிப்போகுமுங்க. ஒண்ணுதான் இருக்கோணும்."

"அவங்கிட்ட இருந்தா நாளைக்கே மாத்திப்போடுவான்னு சொல்லு அம்மணி."

"அவருகிட்ட இருந்தா பூட்டி வெச்சுக்குவாருன்னு சொல்லு."

கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் இருவரும் நிற்க, நடுவில் நான் தபால்காரி.

பெரியவர் என் பக்கம் திரும்பினார். "நீ எம்பங்குல இருக்கற புள்ளை. உங்கப்பன் மாசாணம் கிணத்துக்கடவுல நம்ம தோட்டத்துலயே கெடந்தவன். நம்ம புள்ளை நீ. எங்கிட்டயே குடு."

அந்தத் தோட்டத்தில் தென்னை, மாடு, என் அப்பா எல்லாமே 'நம்ம'தான். அதுவரை யோசித்தே பார்க்காத ஒன்றைச் சொன்னேன்.

"எங்கிட்டயே இருக்கட்டுங்க. நான் யாரு பங்குலயும் வரலீங்க. கம்ப்யூட்டர எங்க ஊட்டுல வெச்சு ரண்டு பேருத்துக்கும் வரைஞ்சு தாரேன். வரைஞ்சதுக்குக் காசு குடுங்க போதும். ஷாஃப்ட் அளவு மாத்தோணும்னா மட்டும் ரண்டு பேரும் வந்து செரின்னு சொல்லோணுங்க."

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இந்தக் கூத்தாடிக்கு மாதச் சம்பளக் கவலை. இந்த வேலையும் போனால் எங்கள் வீட்டில் சம்பாதிக்க வேறு ஆள் கிடையாது.

சின்னவர் ஜன்னலை விட்டு என் பக்கம் திரும்பினார். "உங்க ஊட்டுல கரண்டு இருக்குதா?" என்றார்.

"இருக்குதுங்க சார்."

"அப்பச் செரி. அவருகிட்டப் போறதுக்கு இது தேவலை."

"அவங்கிட்ட இருக்கறதுக்கு இது தேவலைன்னு நானும் சொன்னேன்னு சொல்லு" என்றார் பெரியவர்.

அது என் மேல் வந்த நம்பிக்கை இல்லை. ஒருவர் மேல் ஒருவருக்கு இருந்த அவநம்பிக்கை என் பக்கம் வந்து விழுந்தது. எப்படி வந்தால் என்ன என்று எடுத்துக்கொண்டேன்.

பெரியவர் கார் சாவியை எடுத்துக்கொண்டு வாசல் வரை போனவர், நின்றார். "அப்ப அளவு மாத்தோணும்னா நாங்கதான் அங்க வரோணுமா?"

"ஆமாங்க சார்."

"உங்க ஊடு எங்க இருக்குது?"

வாரம் தவறாமல் தோட்டத்துக்குப் போகிறவர் அவர். எங்கள் வீட்டைத் தாண்டாமல் அந்தத் தோட்டத்துக்கு வேறு வழியே கிடையாது.

"உங்க தோட்டத்துக்குப் போற தடத்துலதானுங்க" என்றேன்.

"எந்தப் பக்கம்?" என்று கேட்டார்.