ஆரஞ்சு விரல்கள்

பந்தில் ஐந்து விரல்களின் அச்சு ஆரஞ்சு நிறத்தில் பதிந்திருந்தது. டில்டாவின் அணி தோற்றது அதனால்தான். இடைவேளையில் அவள் தாத்தா ஓரின் ஹால்வர்சன் கொடுத்த, ஆரஞ்சுப் பொடி தூவிய சீஸ் பொரியைத் தின்றுவிட்டு, அந்தக் குட்டிப் பெண்கள் அதே கையோடு ஆடப் போனார்கள். காலால் ஆட வேண்டிய ஆட்டம். நடுவர் பந்தைத் தூக்கி வெயிலில் காட்டினார். வேறு சாட்சி தேவைப்படவில்லை. எதிரணிக்குப் பெனால்டி.

"துவைச்சும் போகலப்பா," என்றாள் ஓரினின் மகள் மாரிட், டில்டாவின் அம்மா. "டில்டா சட்டைக்கு மஞ்சக்காமாலை வந்த மாதிரி இருக்கு."

"நல்ல சாயம்மா. சின்ன வயசுல பனிப்புயல்ல நான் தொலைஞ்சப்போ, என் விரல் மினுங்கினதைப் பாத்துத்தான் எங்கப்பா கண்டுபிடிச்சாரு."

"மாடு கண்டுபிடிச்சதா போன வருஷம் சொன்னீங்க."

"மாடு முன்னாடி வந்துச்சு. அப்பா பின்னாடி வந்தாரு."

மாரிட் சிரிக்கவில்லை. "சனிக்கிழமை சீசனோட கடைசி ஆட்டம். இடைவேளைத் தீனி நம்ம முறை. வேற யாராவது கொண்டு வரட்டுமேன்னு கோச் பிரெண்டா சொன்னா. நான்தான் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருக்கேன். இந்தத் தடவையும் சொதப்புனீங்கன்னா, வசந்தத்துல வர்ற அடுத்த சீசன்ல உங்களுக்கு முறையே கிடையாது."

ஓரினுக்கு வாரத்தில் சனிக்கிழமை ஒன்றுதான் நாள். மற்றவை அதற்காகக் காத்திருக்கும் நேரம். தீனி இல்லாத கிழவரும் மைதானத்து ஓரம் நிற்கலாம், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனால் விசில் ஊதியதும் ஒரு கூட்டம் அவரை நோக்கி ஓடி வராது.

"முன்பக்கத்துப் படத்தை நம்பாதீங்க," என்றாள் மாரிட். "திருப்பிப் பாருங்க. முதல்ல எது எழுதியிருக்கோ அதுதான் உள்ள ஜாஸ்தி. அப்புறம், வேர்க்கடலை கூடவே கூடாது. ஒரு குழந்தைக்கு ஒத்துக்காது."

ஓரின் பூதக்கண்ணாடியோடு கடைக்குப் போனார். ஒரு பாக்கெட்டின் முன்னால் பண்ணை, சூரியன், ஸ்ட்ராபெரி எல்லாம் இருந்தன. பின்னால் சர்க்கரை இருந்தது. அதுவும் நேராக வரவில்லை. சோளப்பாகு, அரிசிப்பாகு, பழச்சாற்றுப் பாகு என்று போலீசுக்குத் தண்ணி காட்டும் திருடனைப் போல ஊருக்கொரு பெயரில் திரிந்தது. கைக்குள் அடங்குகிற இன்னொரு பாக்கெட்டில் 'இரண்டரைப் பேருக்கு' என்று போட்டிருந்தது.

"அந்த அரை ஆளு யாரும்மா?" என்று அலமாரி அடுக்கிக்கொண்டிருந்த பெண்ணிடம் கேட்டார்.

"ஒரு ஆளுக்குச் சர்க்கரை கொஞ்சம்தான்னு கணக்குக் காட்டணும்ல, அதுக்குத்தான்," என்றாள் அவள்.

அவர் கால்கள் தாமாகவே பாகு பூசிய பாப்கார்ன் பக்கம் போயின. அந்தக் காலத்தில் அட்டைப்பெட்டியின் அடியில் ஒரு பரிசு கிடக்கும். அவரும் அண்ணன் லீஃபும் ஒரே பெட்டிக்குள் கை விட்டு, முழங்கை வரை பிசுபிசுக்கத் துழாவுவார்கள். ஒருமுறை தகர விசில் கிடைத்தது. ஓரின் ஊதினார், சரக்கு ரயில் நின்றுவிட்டது. நின்றதைப் பார்த்தவர்கள் யாரும் இப்போது உயிரோடு இல்லை, அதனால் மறுக்கவும் ஆளில்லை. ஆனால் விசில் முதலில் லீஃபின் விரலில்தான் சிக்கியது, அவன்தான் அதைத் தம்பியின் பக்கம் தள்ளிவிட்டான். இது மட்டும் நிஜம். இதை ஓரின் யாரிடமும் சொன்னதில்லை.

அந்தப் பாகின் ருசியை நினைத்துப் பார்த்தார். நாக்குக்கு ஒன்றும் வரவில்லை. அண்ணனின் கை தன் கையில் இடித்ததுதான் வந்தது.

அடுத்த தட்டில் வெறும் பாப்கார்ன். திருப்பினார். சோளம், எண்ணெய், கொஞ்சம் உப்பு. பூதக்கண்ணாடி தேவைப்படவில்லை.

வீட்டில் லீஃபின் தூண்டில் பெட்டி இருந்தது. உள்ளே, மீனை ஏமாற்றிப் பிடிக்க அண்ணனும் தம்பியும் குளிர்காலங்களில் மரத்தில் செதுக்கி, வண்ணம் பூசிய போலி மீன்கள். ஓரின் முள்ளையெல்லாம் கழற்றி, பிள்ளைகளுக்கான ஒவ்வொரு பாக்கெட்டின் கழுத்திலும் ஒரு மீனைக் கட்டினார்.

சனிக்கிழமை பெண்கள் ஓடி வந்தார்கள். வந்த வேகத்தில் நின்றார்கள்.

"ஆரஞ்சு இல்லையா தாத்தா?" என்றாள் டில்டா.

பிரெண்டா ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் படித்தாள். புருவம் தூக்கினாள். "அட, பரவாயில்லையே!"

"ஏய், இதுல மீன் தொங்குது!" என்று ஒருத்தி கத்தினாள். அவ்வளவுதான்.

"எனக்குப் பச்சை! நீ சிவப்பை வெச்சுக்கோ!"

"தாத்தா, இது நிஜமா மீன் பிடிச்சுதா?"

"அந்தப் பச்சையா? அது பிடிச்ச மீனை வெளிய இழுத்தோம், ஏரியில முழங்கால் அளவு தண்ணி இறங்கிடுச்சு. படகெல்லாம் தரை தட்டி நின்னுது."

வாயில் பாப்கார்னோடு நம்பினார்கள்.

இரண்டாம் பாதி முடிந்ததும் நடுவர் பந்தை உருட்டி உருட்டிப் பார்த்தார். அச்சு எதுவும் இல்லை. மெல்ல ஓரின் பக்கம் வந்தார். "எனக்கு ஒண்ணு கிடைக்குமா?"

"பாப்கார்ன் தாரேன். பெனால்டி குடுத்தவங்களுக்கு மீன் கிடையாது."

பிரெண்டா சிரித்துவிட்டாள். "வசந்தத்துல முதல் ஆட்டத்துக்குத் தீனி நீங்கதான் ஓரின். ஆனா அந்த ஏரிக் கதையை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோங்க."

"குறைச்சுத்தாம்மா சொன்னேன். இடுப்பளவு இறங்குச்சு."

காருக்குள் ஒரு பாக்கெட் மிச்சம் இருந்தது. அதில் மீன் கட்டவில்லை. ஓரின் அதைப் பிரித்து, முழுவதும் தின்று முடித்தார். அடியில் ஒன்றும் இருக்காது என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் கையை உள்ளே விட்டு, சற்று ஓரமாகவே, இன்னொரு கைக்கு இடம் விட்டுத் துழாவினார்.