நாலாவது தட்டு

அன்று அந்த அறையில் இருந்தவர்கள்: கட்டிலில் பாஸ்கரன் மாமா, சுரங்கம் தின்று மிச்சம் வைத்த நுரையீரலோடு. ஞாயிற்றுக்கிழமைக்காக பெங்களூரிலிருந்து வந்திருந்த அவர் மகள் தேவிகா அக்கா. அடுப்படியில் கோவிந்தம்மா அத்தை. அப்புறம், பக்கத்து வீட்டு நான்.

நான் கால் சென்டர் நைட் ஷிப்டை ஏழே மாதத்தில் விட்டுவிட்டு ஊர் திரும்பியவன். வீட்டில் ஏச்சு தாங்காமல் அத்தை வீட்டில் போய் உட்காருவேன். அத்தை ஒரு காலத்தில் எங்கள் தங்கச் சுரங்க ஊரின் கோரமண்டல் பகுதியில் சாராயக் கடை நடத்தியவள். மாமா தூங்கும்போது அந்தக் கடைக் கதைகளைச் சொல்வாள். அவற்றை வைத்து போன் ஆப் ஒன்றில் காதல் தொடர் எழுத ஆரம்பித்தேன். 1880, அமெரிக்காவில் ஒரு தங்கச் சுரங்க ஊர், ஒரு சலூன், அதை நடத்தும் ரோஸ்மேரி. குதிரையும் தொப்பியும் என்னுடையவை. மற்றதெல்லாம் அத்தையுடையது. இரண்டு பாகம் முடிந்து மூன்றாவது ஓடிக்கொண்டிருந்தது.

மாமாவோடு சுரங்கத்தில் வேலை பார்த்த ரிச்சர்டைப் பற்றி அத்தை ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அவன் செத்துப் பத்து வருஷம் ஆகிறது. மாமா நைட் ஷிப்டுக்கு இறங்கிய நாட்களில் கடையின் பின்கதவை அவன் எப்படித் தட்டுவான் என்று சொல்லிவிட்டு, "இது உன்னோட இருக்கட்டும்டா" என்றாள். சரி என்றேன். அந்த வாரமே எழுதினேன். பெயரை மாற்றினால் போதும் என்று நினைத்தேன்.

தேவிகா அக்கா அந்தத் தொடரை எப்படியோ கண்டுபிடித்திருந்தாள். அதில் அம்மாவின் கடை வருகிறது என்று அவளுக்கு ஒரே பெருமை. அப்பாவுக்குப் படித்துக் காட்ட உட்கார்ந்துவிட்டாள். முடி வெட்டுற கடையில இன்னாத்துக்குச் சாராயம் என்று மாமா கேட்டார். அந்த ஊரில் சலூன் என்றால் சாராயக் கடைதான் என்று அவள் விளக்கினாள். மாமா சிரித்து, இருமி, மேலே படிக்கச் சொன்னார்.

பின்கதவு அத்தியாயம் வந்தது. அது நன்றாக இல்லை, அடுத்ததைப் படிக்கலாம் என்றேன். வெட்கப்படுகிறான் என்று அக்கா கேலி செய்தாள். ரோஸ்மேரியின் காதலன் கதவைத் தட்டும் இடத்தில் அவளே ஸ்டூலில் தட்டிக் காட்டினாள். மூன்று தட்டு. நீண்ட இடைவெளி. பிறகு ஒன்று.

மாமாவின் சிரிப்பு நின்றது.

சுரங்கத்தில் ஆட்களை ஏற்றி இறக்கும் கூண்டு, கேஜ். அதில் ஆள் ஏறினால் மணி மூன்று, மேலே தூக்க ஒன்று. நாலையும் சேர்த்தே அடிப்பார்கள். மணி அடிக்கிறவர்களில் ரிச்சர்ட் மட்டும் நாலாவதைத் தாமதித்து அடிப்பான். கேஜுக்குள் நெருக்கிக்கொண்டு நிற்பவர்கள் அதற்காகவே அவனைத் திட்டுவார்களாம். இது எனக்கு அப்போது தெரியாது. அத்தை சொன்னபடி இடைவெளியோடு எழுதினேன், நன்றாக இருந்ததால்.

"அது ரிச்சர்டு மணி," என்றார் மாமா. "உனக்கு யாருடா சொன்னாங்க?"

இன்டர்நெட்டில் படித்தேன் என்றேன். அதை மாமா மட்டுமல்ல, யாருமே நம்பவில்லை. தேவிகா அக்கா போனை மடியில் கவிழ்த்து வைத்தாள். என்னைப் பார்க்காமல் ஸ்டூலைப் பார்த்தாள். அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

மாமா மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டார். "அந்தப் பொம்பளை கடைசில யாரோட இருக்கா?"

"இன்னும் எழுதலை மாமா."

அத்தை ஈரக் கையோடு வந்து நின்றாள். "அவன இன்னா கேக்குற," என்றாள் மாமாவிடம். "என்னைக் கேளு."

என் கையைப் பிடித்து எழுப்பி வாசல்வரை கொண்டுவந்து விட்டாள். பிடியில் கோபம் இல்லை, அவசரம்தான் இருந்தது. மன்னிச்சிடு அத்தை என்று சொல்லத்தான் திரும்பினேன். ஆனால் அவள் என்ன பதில் சொல்லப்போகிறாள், மாமா என்ன செய்வார், அதை எந்த அத்தியாயத்தில் வைக்கலாம் என்று என் புத்தி ஓட ஆரம்பித்திருந்தது. காதும் உள்பக்கம்தான் இருந்தது. அத்தை என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு அது புரிந்துவிட்டது.

கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டு, சாவியையும் திருப்பினாள்.